திரைக்கு மேலே நான்கு விரல்கள்

அவருடைய முகம் தெரியும் படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. விரல்கள் தெரியும் படம் ஒன்று இருக்கிறது. மூன்று போன் மாற்றிவிட்டேன், அந்தப் படம் மட்டும் கூடவே வருகிறது. சிவப்புத் திரைக்கு மேலே என் தலை. முகம் முழுக்க அரிதாரம், காவற்காரன் வேடத்துக்கான சின்னக் கிரீடம், வாய் கொள்ளாத சிரிப்பு. படத்தின் ஓரத்தில், திரையின் மேல் விளிம்பை மடக்கிப் பிடித்த நான்கு விரல்கள். ஆள்காட்டி விரலின் நகம் கறுத்து இரண்டாகப் பிளந்திருக்கும். கூத்துப் பெட்டியின் மூடி விழுந்து பிளந்த நகம் அது. அதை வைத்துத்தான் அவர் என்று சொல்ல முடியும்.

காஞ்சிபுரத்தைச் சுற்றி பாரதக் கூத்து ஆடும் ஜமாக்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றில் அவர் திரை பிடிப்பவர். கூத்தில் ராஜாவோ ராணியோ நேராகச் சபைக்கு வந்து நின்றுவிட முடியாது. இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வேடக்காரர் அதற்குப் பின்னால் நின்று பாடுவார். கீழே சலங்கை கட்டிய கால் தெரியும், மேலே கிரீடம் தெரியும். பாட்டு முடிகிற இடத்தில் துணி விலகும். அப்போதுதான் அவர் துரியோதனன். அதுவரை அவர் பக்கத்து ஊர்க்காரர்.

மற்ற ஜமாக்களில் அந்த நேரத்தில் சும்மா இருக்கும் நடிகர் யாராவது பிடிப்பார். எங்கள் ஜமாவில் இடது முனை அவருடையது என்று ஆகி முப்பது வருடம் இருக்கும். அவர் வேடம் கட்டியதில்லை. பின்பாட்டு பாடச் சொன்னால் வாயை மட்டும் அசைப்பார். பெட்டி தூக்குவார், சேலைகளைக் காயப்போடுவார், திரை பிடிப்பார். எல்லோரும் அவரைத் திரைக்காரர் என்றார்கள். நான் அண்ணா என்றேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது தற்செயல். எட்டாவதோடு படிப்பு நின்றது. அதன் பிறகு செங்கல் சூளை, நெல்லூர்ப் பக்கம் இறால் குட்டை, லாரியில் கிளீனர் என்று எங்கே சோறு கிடைத்ததோ அங்கே இருந்தேன். தாமல் ஏரிக்கரைக்கு மேலே ஒரு டீக்கடையில் லாரி பழுதாகி நின்றபோது எனக்கு முப்பது வயது. எதிரே ஒரு வேனிலிருந்து கூத்துப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டியின் ஒரு பக்கத்தை அவர் பிடித்திருந்தார். மறு பக்கத்துக்கு ஆள் இல்லை. அவர் யாரையும் கூப்பிடவில்லை. பெட்டியின் தன் பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு பக்கம் தானாக எழும் என்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. போய்ப் பிடித்தேன். அன்று மாலையே திரையின் வலது முனையும் என் கைக்கு வந்தது. அதுவரை அதைப் பிடித்தவன் ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனிக்குப் போய்விட்டானாம். லாரி பழுது நீங்கிப் போயிற்று. நான் போகவில்லை. இரண்டு சீசன் இருந்தேன்.

எதுவானாலும் அதன் மறு முனையைப் பிடிப்பது, அதுதான் அவர். கூத்து இல்லாத நாட்களில் விடிந்ததும் நெசவுக்காரர்கள் தெருவுக்குப் போய்விடுவார். அங்கே தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பார்கள். பாவு நீட்டுவது என்று பெயர். அறுந்த இழைகளைப் பெண்கள் குனிந்து குனிந்து முடிந்துகொண்டு போவார்கள். அவர் மனைவியும் அதில் ஒருவர். கடைசி முனையில் பாவைத் தளரவிடாமல் பிடித்துக்கொண்டு இவர் நிற்பார். மாடு வரும், பால் வண்டி வரும், கோயிலுக்குப் போகிற கூட்டம் வரும். இவர் நின்ற இடத்திலேயே நிற்பார்.

தெருவில் யாராவது கட்டிலைத் தூக்கினால் மறு பக்கம் இவர். எலக்ட்ரீஷியன் ஏணியைச் சாத்தினால் கீழே இவர். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத அம்மா ஒருத்தி ஈரச் சேலையை உதறிக்கொண்டிருந்தாள். இவர் போய் மறு முனையைப் பிடித்தார். அந்த அம்மா பயந்து கத்தப்போனாள். நான் குறுக்கே போய், “தப்பா நெனக்காதீங்கமா, அவர் கை அப்படித்தான்” என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவருக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. துணி காய்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அவர் மனைவி இதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவார். “முப்பது வருஷமா துணி புடிக்கிற மனுசன். இடுப்புல கட்டிக்க நல்ல துணி ஒண்ணு கெடையாது.”

திருமுக்கூடல் பக்கம் ஒரு ஊரில் நடந்தது நினைவிருக்கிறது. துரியோதனன் சபைக்கு வர வேண்டும். திரையை உயர்த்திவிட்டோம். பின்னால் துரியோதனனின் கிரீடத்தைக் கட்டும் நாடா அறுந்துவிட்டது. மாற்று நாடா வேனில் இருக்கிறது, வேன் எங்கேயோ போயிருக்கிறது. ஜமாவை நடத்தும் எங்கள் வாத்தியார் பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தார். மறுபடி. அதற்கும் மறுபடி. தூறல் வேறு. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். என் தோள்பட்டையில் நெருப்பு எரிந்தது. திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன், “இன்னா தெரக்காரரே, கை வலிக்குதா?” என்று கிசுகிசுத்தார். இவர் திரும்பாமலே, “நீ சீக்கிரம் ராஜா ஆயிடு சாமி, என் டீ ஆறுது” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கை தளர்ந்தது. என் பக்கம் திரை ஒரு சாண் இறங்கியது. அவர் என்னைப் பார்த்தார்.

“எறக்காத. எதிர்ல ஒருத்தன் புடிச்சிக்கினு இருக்கசொல்ல எறக்காத. அவ்ளோதான்பா இந்த வேலையே.”

கோபமாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். நான் கையை உயர்த்தினேன். நாடா வந்தது, கிரீடம் ஏறியது. அவர் முனை இறங்க நானும் இறக்கினேன். ஜனம் கை தட்டியது, எங்களுக்கில்லை.

திரையின் ஓரத்தில் நிற்பவனுக்குப் பின்னால் நடப்பதெல்லாம் தெரியும். திரௌபதி கொட்டாவி விடுவாள். கர்ணன் பீடியைக் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்து மிச்சத்தை இவரிடம் நீட்டுவான். பீமன் வேடம் கட்டும் ஆள் இருபது வருடம் ஆடியவர், ஆனாலும் ஒவ்வொரு முறையும் கால் நடுங்கும். “ராஜாங்கள ராஜா ஆவறதுக்கு மின்னாடி பாக்கிறவன் நானு. எனக்கு எவனப் பாத்தும் பயம் இல்ல” என்று அவர் சொல்வார். அது உண்மை. பத்திரிகையில் பெயர் வருகிற ஆட்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தபோதும், போலீஸ் வந்து மைக்கை நிறுத்தச் சொன்னபோதும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. அவர் பயந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறை. அதற்கு வருகிறேன்.

அந்தப் படம் எடுத்தது இரண்டாவது சீசனில். காவற்காரன் வேடம் கட்டுபவருக்குக் காய்ச்சல். மூன்று வரிப் பாட்டு, நாலு வரி வசனம். நான் கட்டுகிறேன் என்றேன். வெயில் வந்த பிறகும் கூத்து முடியாத ஒரு காலை அது. ஏனாத்தூரில் படிக்கிற ஒரு பையன் போனில் எடுத்து எனக்கு அனுப்பினான். அன்று ஒரு நாள்தான் நான் நடிகன். இவர் என் முனைக்கு வேறு ஆளைத் தேடிக்கொண்டு, தன் முனையைப் பிடித்து, எனக்குத் திரை விலக்கினார். விலக்குவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, “மூக்கத் தொட” என்றார். துடைத்தேன்.

அந்த சீசன் முடிவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். காரணம் ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் இரண்டு வருடம் ஆனால் எனக்கு மூச்சு முட்டும். மறுநாள் கூத்து இருப்பது தெரிந்தும், யாரிடமும் சொல்லாமல் நெல்லூர் பஸ் ஏறினேன்.

கொரோனா வந்த பங்குனியில் நெல்லூர்ப் பக்கம் எல்லா வேலையும் நின்றது. நடந்தும், காய்கறி லாரியில் ஏறியும் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தேன். வேறு எந்த ஊரிலும் எனக்குத் தெரிந்த வீடு இல்லை. காலனியில் அவர் வாசலில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, “மூணு பேருக்குப் போதுமா பாரு, ஒருத்தன் வந்துக்கிறான்” என்றார். அப்புறம் என்னிடம், “நீ பூட்டப்புறம் கரண்டு கம்பந்தான்பா தெரைக்கு எனக்கு ஜோடி. உன்னவிட நல்லாவே நிக்குது” என்றார்.

அவ்வளவுதான்.

பங்குனி முதல் ஆடி வரைதான் கூத்துக்காரன் வருடம் முழுக்கச் சாப்பிடுவதைச் சம்பாதிப்பது. அந்த வருடம் ஜமாவுக்கு ஒரு நாள்கூடக் காலியில்லை. கூத்து நலிந்துவிட்டது என்று சொல்பவர்கள் எங்கள் வாத்தியாரின் நோட்டைப் பார்க்க வேண்டும். எல்லா ஊரும் வெற்றிலை பாக்கு வைத்திருந்தது. எல்லா ஊரும் போன் செய்து வேண்டாம் என்றது. கோயில்களைப் பூட்டினார்கள். பட்டு வராமல் தறிகளும் நின்றதால் தெருவில் பாவும் இல்லை. அவர் காலையில் எழுந்து அந்தத் தெரு வரை போய், வெறும் தெருவைப் பார்த்துவிட்டு வருவார்.

அதோடு அவருக்குக் காலில் புண் இருந்தது. சர்க்கரை நோய். வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே ஆரம்பித்தது, மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. உள்ளூரில் கட்டுப் போட்டவர்கள், செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், தாமதித்தால் காலுக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். பஸ் ஓடவில்லை. கார் வைத்துப் போக வேண்டும், ஒரு முறை போனால் போதாது. அவர் மனைவி கம்மலைக் கழற்றிக் கொடுக்க, ஒரு முறை போய் வந்தார்கள். அடுத்த முறைக்குக் கழற்ற ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான், மேடைக் கலைஞர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது என்று செய்தி வந்தது. கலைஞர் நல வாரிய அட்டை வைத்திருந்தவர்களுக்குப் பணம் நேராக வங்கிக்கு வந்துவிட்டது. ஜமாவில் அட்டை இருந்தது நாலு பேருக்கு. அட்டை இல்லாதவர்களும் மனு கொடுக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். ஆதார், வங்கிப் புத்தகம், வாத்தியாரின் கடிதம், கலை நிகழ்ச்சியில் எடுத்த போட்டோ ஒன்று.

மனுவில் கலைஞரின் பங்கு என்று ஒரு இடம். கீழே வரிசையாகப் போட்டிருந்தது. நடிகர், பாடகர், மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, ஒப்பனை. திரை பிடிப்பவர் இல்லை. இருக்காது. அந்தப் பட்டியலை எழுதியவர் கூத்து பார்த்தவராகவே இருக்கலாம். பார்க்கிறவர் கண்ணில் படக்கூடாது என்பதற்குத்தானே அந்த ஆள் ஓரமாக நிற்கிறார்.

“நடிகர்னு போட்டுடு” என்றார் வாத்தியார்.

போட்டோதான் பிரச்சினையானது. வாத்தியார் தன் போனிலும், ஜமாவில் மற்றவர்கள் போனிலும் தேடினார். நூற்றுக்கணக்கான படங்கள். எல்லாவற்றிலும் அவர் இருந்தார், நான்கு விரல்களாக.

அந்த விரல் படங்களையே ஏழெட்டு பிரிண்ட் போட்டுக்கொண்டு அவர் அலுவலகத்துக்குக் கிளம்பினார். காலில் கட்டு, செருப்பு நுழையவில்லை, பிளாஸ்டிக் பையைச் சுற்றியிருந்தார். நானும் போனேன், என் மனுவோடு. என்னை மனு போடச் சொன்னதே அவர்தான். “உனக்குத்தான் மூஞ்சி தெரியற படம் இருக்குதே. குடு” என்றார்.

மனு வாங்கியவர் சின்ன வயது. மாஸ்குக்கு மேலே தூக்கம் கெட்ட கண்கள். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். வரிசையில் நின்ற வேறு யாரையும் உட்காரச் சொல்லவில்லை. இவர் படங்களை மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். “இது நானு சார். இதும் நானு. இதுல துரியோதனனுக்குப் புடிச்சிக்கினு இருக்கிறேன்.”

அந்த இளைஞர் படங்களைப் பார்த்தார். முதலில் சிரிப்பு வந்து, அதை அடக்கிக்கொண்டார். முகம் தெரிகிற மாதிரி ஒன்று கொண்டு வந்தால் இன்றைக்கே மேலே அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

பிறகு என் மனுவை எடுத்தார். போட்டோவைப் பார்த்து, இது போதும் என்றார். பேனாவை வைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “ஓரத்துல இது யாரோட கை?”

இவர் நாற்காலியிலிருந்து, “என்னுதுதான் சார்” என்றார்.

“ஒருத்தர் மனுவில் இன்னொருத்தர் இருந்தா மேல கேள்வி வரும். கையை வெட்டிட்டு மொகம் மட்டும் வர்ற மாதிரி பிரிண்ட் போட்டுக் கொண்டாங்க.”

பாதி ஷட்டர் திறந்த ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்த பெண், ஓரத்தை எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கேட்டாள். இவர் என் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, திரையில் விரலை வைத்துக் காட்டினார். பிளந்த நகம் அதே பிளந்த நகத்தின் மேல் இருந்தது.

“இதோட வெட்டுமா. கையி இன்னாத்துக்கு?”

வெட்டினாள். நான் நன்றாகவே தெரிந்தேன்.

மறுநாள் வாத்தியார் ஒரு யோசனை சொன்னார். இவருக்கு ஒரு வேடம் கட்டி, புதிதாக ஒரு படம் எடுத்துவிடலாம். பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்து மைதானத்தில் மத்தியான வெயிலில் பெட்டியைத் திறந்தார்கள். மூன்று மாதமாகத் திறக்காத பெட்டி. அரிதாரம் காய்ந்து வெடித்திருந்தது, தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்தார்கள். தர்மராஜா வேடம். முகம் எழுதி, தோள்கட்டை கட்டி, கிரீடம் வைத்தார்கள். சலங்கையை மட்டும் காலில் கட்ட முடியவில்லை, கையில் கொடுத்தார்கள்.

அந்தக் கோலத்தில் அவரை நிற்க வைத்துச் சும்மா படம் எடுத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் கூத்துக்காரர்களுக்கு அது தோன்றவில்லை. கிரீடம் வைத்த ஆள் திரை இல்லாமல் எப்படி வருவது? வாத்தியாரே, “தெரைய எடுங்கடா” என்றார். நான் வலது முனை, மத்தளக்காரர் இடது முனை. வாத்தியார் உண்மையாகவே தர்மராஜாவின் திரைப் பாட்டை எடுத்தார். மூன்று மாதம் பாடாத தொண்டை, கரகரத்தது. பாடப் பாடச் சரியானது. மைதானத்தில் ஜனம் இல்லை, ஒரு நாய் மட்டும். திரைக்குப் பின்னால் அவர் அசையாமல் நின்றார். எனக்கு ஓரத்திலிருந்து தெரிந்தது. நான் அப்போது சொல்ல நினைத்தேன், மூக்கைத் துடையுங்கள் என்று. சொல்லவில்லை. மூக்கோரம் வழிந்தது வியர்வை இல்லை, கண்ணீர்.

பாட்டு முடிந்தது. நாங்கள் திரையை விலக்கினோம். மத்தளக்காரருக்குப் பழக்கமில்லாத வேலை, அவர் முனை கையிலிருந்து நழுவித் தரையில் விழப்போனது. தர்மராஜா பாய்ந்து குனிந்து அதைப் பிடித்துத் தூக்கினார். போன் அப்போதுதான் படம் எடுத்தது. படத்தில் திரை இருந்தது, திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி இருந்தது, நான்கு விரல்கள் இருந்தன.

எல்லோரும் சிரித்தோம். அவரும்தான். அந்த மூன்று மாதத்தில் ஜமா சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

மறுபடி திரை இல்லாமல் நேராக நிற்க வைத்து ஒன்று எடுத்தார்கள். கிரீடமும் மீசையுமாக, கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கைகளைத் தொங்கவிட்டு நின்று நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. கீழே பாதத்தில் வெள்ளைக் கட்டு தெரிந்தது. யாரும் கவனிக்கவில்லை.

அலுவலகத்தில் கவனித்தார்கள். அதே இளைஞர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடச் சுவரையும் காலில் இருந்த கட்டையும் பார்த்தார். இந்த முறை பக்கத்தில் இன்னொரு பெரியவர், மேலதிகாரி, உட்கார்ந்திருந்தார். இது கூத்தில் எடுத்த படமா என்று அவர் கேட்டார். பிறகு, வேடம் கட்டுகிறவர்தானே, தர்மராஜாவுக்கு ஒரு அடி பாடிக் காட்டுங்கள், போதும் என்றார்.

முப்பது வருடமாக அந்தப் பாட்டை ஒரு முழம் தள்ளி நின்று கேட்டவர் அவர். முழுக்கத் தெரியும். வாயைத் திறந்தார். மேசைக்கு எதிரில், கையில் ஒன்றும் இல்லாமல், எல்லோரும் பார்க்க நின்றார். அவர் கால் நடுங்கியது. பீமன் வேடக்காரருடைய கால்போலவே நடுங்கியது. புண் காலும் நல்ல காலும் சேர்ந்து.

“நான் நடிகர் இல்ல சார்” என்றார். “தெர புடிக்கிறவன்.”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. பொய்யான போட்டோ வைத்திருப்பதால் மனுவைத் திருப்பித்தான் ஆக வேண்டும் என்றார். கூட வந்திருந்த வாத்தியார் எழுந்து என்னென்னவோ சொன்னார். திரை இல்லாமல் கூத்து இல்லை என்றார், முப்பது வருடம் என்றார். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பட்டியலை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். “இதுல எங்க டிக் அடிக்கட்டும், நீங்களே சொல்லுங்க.”

வாத்தியார் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன், ஒரு அடி பாடியிருக்கக் கூடாதா என்று. அவர் பிளாஸ்டிக் பையைக் காலில் சரிசெய்துகொண்டே, “வர்லபா” என்றார்.

அடுத்த மாதம் லாரிகள் ஓட ஆரம்பித்தன. நான் ஒரு லாரியில் ஏறிவிட்டேன். இந்த முறை சொல்லிக்கொண்டுதான் போனேன். கிருஷ்ணகிரிக்கு அப்பால் ஒரு தாபாவில் உட்கார்ந்திருக்கும்போது போனில் செய்தி வந்தது. நடிகர் என்ற வகையில் எனக்கு உதவித்தொகை வந்திருந்தது. ஒரு நாள் வேடம் கட்டியவனுக்கு. பெரிய தொகை இல்லை. செங்கல்பட்டுக்குக் காரில் இரண்டு முறை போய்வரலாம். அதை அவருக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். அவர் மனைவியின் வங்கிக் கணக்கு எண் என்னிடம் இல்லை, போன் செய்து கேட்டிருக்கலாம். நாளை கேட்கலாம் என்றிருந்தேன். அப்புறம் லாரிக்கு வேலை இல்லாமல் பன்னிரண்டு நாள் அங்கேயே கிடந்தோம். சாப்பிட்டேன். பணம் தீர்ந்தது. போன் செய்யவில்லை.

மறுபடி காஞ்சிபுரம் போனபோது இரண்டு வருடம் கழிந்திருந்தது. கூத்து தொடங்கிவிட்டது, கோயில்கள் திறந்துவிட்டன. ஒரு ஊரில் எங்கள் ஜமாவே ஆடியது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி நட்டு, குறுக்கே ஒரு கம்பி போட்டு, வளையத்தில் திரையைக் கோத்திருந்தார்கள். கயிற்றை இழுத்தால் விலகியது. துரியோதனன் வந்தார். கை தட்டினார்கள். ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்து, “லேட்டாயிடுச்சாம்” என்றார், பஸ் போய்விட்டதைச் சொல்வதுபோல. வாரியத்தில் புதிதாக ஆள் சேர்க்கிறார்களே என்று கேட்டேன். இப்போது தொழில் செய்கிறவர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்களாம். வாத்தியார் தீபாவளிக்கு ஒரு வேட்டி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பாவு பிடிக்கவும் யாரும் கூப்பிடுவதில்லை. நிற்க வேண்டிய வேலை அது.

“உனக்கு வந்துச்சா?” என்று கேட்டார்.

“வந்துச்சுணா.”

“நல்லதுபா.”

அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவர் மனைவி ஒரு பெரிய போர்வையை அலசி எடுத்துக்கொண்டு வந்தார். கொடியில் போடப் போனபோது கயிறு அறுந்து விழுந்தது. ஈரப் போர்வை மண்ணில் படாமல் இருக்க, “செத்த புடிங்க, கயிறு பாத்துக்கினு வரேன்” என்று ஒரு முனையை என்னிடம் நீட்டினார். மறு முனை அதற்குள் அவர் கையில் இருந்தது.

அவர் உட்கார்ந்தபடியே கைகளைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். அவர் உயரத்துக்காக நான் குனிந்தேன். போர்வை எங்கள் இருவருக்கும் நடுவே நின்றது. நீர் சொட்டியது. போர்வைக்கு அந்தப் பக்கம் காலனிச் சுவர், சுவரை ஒட்டி ஒரு தண்ணீர்க் குடம். அவர் மனைவி உள்ளே எதையோ கிளறித் தேடும் சத்தம் கேட்டது. கயிறு கிடைக்கவில்லை போலிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்னால் ஜனம் உட்கார்ந்திருப்பதுபோல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளந்த நகம் அப்படியே இருந்தது.

ஈரம் கனத்தது. முதுகு வலித்தது. அவர் இறக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

நான்தான் முதலில் இறக்கினேன்.